மறுபடி சார்

மூத்தவளுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில், ஆளெடுக்கும் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். செய்தி வந்த அன்று சின்னவன், "அதுல இன்னா வேலை கீது? வர்றவனப் பாத்து நீ வா, நீ போன்னு சொல்லணும், அவ்ளோதானே?" என்று கிண்டல் செய்தான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் சும்மா இருந்துவிட்டேன். எனக்குச் சட்டென்று பேச வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் உட்கார்ந்து எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். அதனால் உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த வேலையைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்களும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது. எங்களுக்கு அவர் மறுபடி சார்.

அப்போது யுத்த காலம். ஆவடிக்கு வெளியே முள் மண்டிக் கிடந்த ஒரு மேட்டைச் சுத்தம் செய்து, பட்டாளத்துக் கூடாரங்களைப் பழுது பார்க்க ஒரு யார்டு போட்டிருந்தார்கள். நீளமான தகரக் கொட்டகைகள். கிழிந்த கூடாரங்கள் ரயிலில் மலை மலையாக வந்து இறங்கும். ஆண்கள் தூக்கிப் போடுவோம். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைப்பார்கள். கித்தானில் ஊசி இறங்குவதற்குள் உள்ளங்கை கன்றிப் போகும். அப்படியும் அந்த வேலைக்குச் சுற்றுவட்டார ஜனம் அலைமோதியது. பர்மா அரிசி நின்று போயிருந்தது. யார்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ளே ஒரு கடையில் வாராவாரம் அரிசி அளந்தார்கள். அந்த வேலை என்றால் அந்த அரிசி. வேறு அர்த்தம் எங்களுக்கு இல்லை.

யாரை உள்ளே எடுப்பது, எந்தக் கொட்டகைக்கு அனுப்புவது, காலையில் கேட்டில் பெயர் கூப்பிடுவது, ஆட்களின் குறையை யார்டை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் கொண்டுபோவது, இவ்வளவும் மறுபடி சாருடைய வேலை. பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகச் சைக்கிளில் வருவார். ஒல்லியான ஆள். சித்திரை வெயிலிலும் கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் என்பதற்கு மேல் அவர் வீட்டைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

மற்ற இடங்களில் மேஸ்திரிகள் ஆளெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். புஜத்தைப் பிடித்து அமுக்குவார்கள், பல்லைக்கூடப் பார்ப்பார்கள். இவர் தொட மாட்டார். பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார். அப்புறம், "மழை பிடிச்சா எந்த வழியா வருவே?" என்பார். ஏரி நிரம்பினால் எங்கள் வெள்ளானூர்ப் பாதை முங்கிவிடும். அதை யோசித்து வைத்தவன் வேலைக்கு ஒழுங்காக வருவான் என்பது அவர் கணக்கு. நான் முதல் தடவை, "வந்துர்றேன் சார்" என்றேன். "எந்த வழியாப்பா?" என்றார். முழித்தேன். "சரி. திங்கக்கெழம மறுபடி வா." மறு திங்கள் இடமில்லை என்றார். அதற்கும் அடுத்த திங்கள் போனபோதுதான் எடுத்தார். மனுஷனை அலைய விடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆனால் அவர் தாமும் அப்படித்தான் அலைவார். பெண்கள் கொட்டகையில் குடிதண்ணீருக்குப் பானை இல்லை. துரையிடம் போய்க் கேட்டார். முடியாது என்றார் துரை. "சரி சார். மறுபடி கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அதே நேரம், அதே கோட்டு, அதே பேச்சு. புதிதாக ஒரு காரணம் சொல்ல மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், கெஞ்சவும் மாட்டார். துரையின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த பியூன், காட்டுப்பாக்கத்துக்காரன், இதையெல்லாம் எங்களிடம் வந்து நடித்துக் காட்டுவான். இல்லாத பொத்தானைப் போட்டுக்கொண்டு, "மறுபடி கேக்கறேன் சார்" என்பான். "அண்ணாத்தே, இந்த ஆளு செத்தான்னு வச்சுக்கோ, எமனாண்டயே 'இன்னிக்கு வேணாம் சார், மறுபடி வர்றேன்'னு சொல்லிட்டு சைக்கிள திருப்பிக்கினு வந்துருவாரு" என்பான். நாங்கள் கூடாரத்தின் மேலேயே விழுந்து சிரிப்போம்.

பானைக்குத் துரை தலையாட்டப் போகிற சமயத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதுத் துரை வந்தார். அன்றைக்கே இவர் போய் நின்றார். முதலிலிருந்து ஆரம்பித்தார். பானை ஒரு நாள் வந்தது. அதை இறக்கி வைக்கும்போதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை நான் கேட்டேன், "அவுங்கதான் இல்லேன்றாங்களே, உங்களுக்குக் கூச்சமா இல்லியா சார்?"

"மொதல்ல சொல்ற 'இல்ல' பழக்கத்துல வர்றதுப்பா," என்றார். "அத எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடக் கூடாது."

இனி உங்கள் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா. மாமாவுக்கு நெல் மில்லில் கை போனதிலிருந்து வீட்டைத் தாங்கியவள் அவள்தான். இரண்டு பிள்ளைகள். நான் சேர்ந்த பிறகு அவளும் யார்டில் சேர்ந்தாள். ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். பெயர் கூப்பிடும்போது அதைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஐப்பசியில் அக்காவுக்கு முறைக்காய்ச்சல், அதான் மலேரியா, வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அவள் என்ன செய்தாள் என்றால், வில்லையைத் தன் ஓரகத்தியின் முந்தானையில் முடிந்து, "நீ போய் என் எடத்துல குந்து" என்று அனுப்பிவிட்டாள். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஒப்புக்கொண்டால், ஒருத்தி வர முடியாதபோது அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தி வந்து அவள் வரிசையில் இறங்க வேண்டும். வரிசையைக் காலியாக விடுவதுதான் மானக்கேடு. கழனிக்கு ஒரு வழக்கம், கித்தானுக்கு ஒரு வழக்கமா என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

மறுபடி சார் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். "கீறேன் சாரு" என்று ஓரகத்தி தைரியமாக வில்லையை நீட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லா முகமும் தெரியும்.

"நீ அவங்க இல்லியேம்மா."

"அவ காச்சல்ல பட்த்துகினு கீறா சாரு. அதான் நான் வந்தேன். எடம் காலியா கெடக்கக் கூடாதுல்ல?"

பின்னால் வரிசையில் நின்ற நான், 'விட்டுவிடுவார்' என்று நினைத்தேன். அவர் அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். பெயர் கூப்பிட்டு முடித்தார். நேரே துரையிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார்.

பட்டாளத்து இடம். ஆள் மாறாட்டம் என்றால் உளவு என்று சந்தேகப்படுகிற காலம். துரை அக்காவின் வில்லையைப் பிடுங்கச் சொன்னார், இனி அவளை உள்ளே விடக் கூடாது என்றார். அந்த வாரத்தோடு அரிசி நின்றது.

நான் அன்று வேலையைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "ஏன் சார் காட்டிக் குடுத்தீங்க? கண்ண மூடிக்கினு இருந்தா இன்னா கெட்டுப் போச்சு?"

"வேற யாராவது கண்டுபிடிச்சிருந்தா உன் அக்கா பொய் சொன்னாங்கன்னு ஆயிடும். நானும் சேர்ந்து பொய் சொன்னேன்னு ஆயிடும். பொய் சொன்ன வாயால நான் போய்க் கேட்டா எடுபடுமா?"

"இப்ப மட்டும் கேக்கப் போறீங்களாக்கும்!"

"கேட்டுட்டேன். இல்லேன்னாரு. நாளைக்கு மறுபடி கேக்கறேன்."

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். கண்டும் காணாமல் விட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த மாதங்களில் அக்கா பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை ஊறவைத்து இடித்துக் கிண்டிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். என் வீட்டு அரிசியில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு வீட்டுக்கும் போதவில்லை.

தினமும் மத்தியானச் சங்கு ஊதியதும் அவர் துரையின் அறைக்குப் போவார். பியூன் சொல்லித்தான் எங்களுக்கு அந்தப் பேச்சு மனப்பாடமானது: "அந்தப் பெண் ஏமாற்ற நினைக்கவில்லை. வேலை நிற்கக் கூடாதென்று ஆளை அனுப்பினாள். அவள் இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்." இங்கிலீஷில் அதே பேச்சு, ஒரு சொல் கூடாது, குறையாது. துரை முதலில் விளக்கம் சொன்னார். பிறகு சிரித்தார். பிறகு நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

அக்காவுக்கும் அவர் ஒரு வேலை வைத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். வெள்ளானூரிலிருந்து காய்ச்சல் உடம்போடு நடந்து வந்து, கூட வேலை செய்தவர்கள் எல்லாம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சில திங்கள் நின்றாள். ஒரு திங்கள் வரவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. அக்கா வீட்டு வாசலில் அவர் நின்றார். "இன்னிக்கு வரலியேம்மா" என்றார்.

அக்கா முறத்தை வீசி எறிந்துவிட்டு வந்தாள். "எதுக்கு வரணும்? உள்ள போறவளுங்கல்லாம் என் மூஞ்சப் பாத்து 'பாவம்'னு சொல்லிக்கினு போவா, அதக் கேக்க வரணுமா? நீதான் சாரு என் சோத்துல மண்ணப் போட்ட. இப்ப நீயே வந்து கூப்புடறியா? உன் ஊட்ல சோறு கீதா? கீதுல்ல? என் ஊட்ல கீதான்னு அந்தத் தொரையாண்ட போய்க் கேளு!"

"ஏ, சும்மா இருடி" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார். மறுபடி சார் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். பதிலுக்கு ஒரு ஆறுதல் சொல்லவில்லை. நிச்சயம் கிடைக்கும் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் அக்கா அழுது ஆறியிருப்பாள். அதுவும் கொடுக்கவில்லை.

"அதைத்தாம்மா கேக்கறேன்," என்றார். "உள்ள நான் கேக்கறப்ப வெளிய நீங்க நிக்கணும். வராத ஆளுக்கு எடம் கேட்டா யார் குடுப்பாங்க?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். "கல்லு! கல்லுக்குக் கோட்டு போட்டு வுட்டுக்கீறாங்க!" என்று அக்கா தெருவே கேட்கக் கத்தினாள். அடுத்த திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து போனாள்.

தை பிறக்கும் சமயம், துரை பொறுமை இழந்தார். இன்னொரு தடவை அந்தப் பெண்ணைப் பற்றி வாயைத் திறந்தால் நீயும் அவளோடு வெளியே போகலாம் என்றார். பியூன் இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. "மெய்யாத்தான் சொன்னாரு நைனா. மேசைய ஓங்கி அறைஞ்சாரு" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியது. கொட்டகையில் ஊசிச் சத்தம் நின்றது. நாங்களும் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம். அவர் சோற்று டப்பாவை மூடினார். கை கழுவினார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வழக்கம்போல வெயிலில் நடந்து போனார். பிறகு வெளியே வந்தார். எங்களைத் தாண்டிப் போகையில், "வேலயப் பாருங்கப்பா" என்றார். பியூன் ஓடி வந்தான். "கேட்டாருப்பா! அதே பேச்சு! தொர பேனாவ வச்சுட்டு இவரையே பாத்துகினு இருந்தாரு. 'போ'ன்னாரு. வேலைய வுட்டுப் போன்னு சொல்லல, ரூம வுட்டுப் போன்னாரு" என்றான்.

அந்தத் தையில்தான் அறுப்பு வந்தது. முந்தைய வருஷம் அறுப்பு நாட்களில் பெண்கள் கழனிக்கும் யார்டுக்கும் வீட்டுக்கு ஒருத்தியாக மாறி மாறிப் போய்ச் சமாளித்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. அப்போது மறுபடி சார் இன்னும் வந்திருக்கவில்லை. பெயர் கூப்பிட்டவர் வேறொருவர், முகம் பார்க்காதவர். இந்த வருஷம் அக்காவின் கதி தெரிந்ததால் ஒருத்தியும் தனக்குப் பதில் ஆள் அனுப்பத் துணியவில்லை. கூலியாகக் கிடைக்கும் நெல்லையும் விட முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் கழனிக்குப் போய்விட்டார்கள். ஒரு காலையில் மறுபடி சார் கேட்டில் நின்று பெயர் கூப்பிட்டார், கூப்பிட்டார், பதில் வரவில்லை. கொட்டகைகளில் பாதி வரிசை காலி. ரயிலில் வந்த கூடாரங்கள் வெளியே வெயிலிலும் பனியிலும் கிடந்தன.

துரை தாமே வெளியே வந்தார். காலியான வரிசைகளைப் பார்த்தார். மறுபடி சாரைப் பார்த்து, "இப்போது என்ன செய்யலாம் என்கிறாய்? புதிதாக ஏதாவது சொல்" என்றார். இதைக் கொட்டகை வாசலிலேயே சொன்னார். எனக்கே அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது.

அவருக்கு அது ஜெயித்த நேரம். பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "புதிதாக ஒன்றும் இல்லை சார். மறுபடி கேட்கிறேன்," என்று ஆரம்பித்து அதே பேச்சை, அந்தப் பெண் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதிலிருந்து, கடைசிவரை சொன்னார். துரை இந்தத் தடவை முழுவதும் கேட்டார்.

அதற்குப் பிறகு யார்டில் ஒரு ஏற்பாடு வந்தது. வர முடியாதவள் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் அவள் இடம் அவளுக்கே இருக்கும். அவள் வீட்டிலிருந்து ஒருத்தி, முன்னாலேயே வந்து முகம் காட்டிவிட்டு, தன் சொந்தப் பெயரில் உள்ளே வரலாம். சேதி போனதும் பெண்கள் அறுப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் பெயரைக் கேட்டில் கூப்பிட்டார். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார். "கீறேன் சாரு" என்றாள்.

யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் சந்தோஷம். எங்களுக்கு மட்டும் அரிசிக் கவலை. கூடாரம் வருவது குறைந்து, ஒரு நாள் யார்டை மூடும்படி உத்தரவு வந்தது. கேட்டில் ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடச் சொன்னார் துரை. மறுபடி சார் மாட்டவில்லை. கொட்டகை கொட்டகையாகப் போய், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தம் வாயால் சொன்னார். வேலைக்கு எடுத்தவர் அவர்தானே. சிலர் திட்டினார்கள். ஒருத்தி மண்ணை வாரி வீசினாள். கோட்டைத் தட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்று வராதவர்களின் ஊர்களுக்குச் சைக்கிளில் போனார்.

அக்கா அன்று பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தாள், முறைப்படி சொல்லி அனுப்பிவிட்டு. அவர் வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அக்கா சத்தம் போடவில்லை.

"தொரையாண்ட மறுபடி கேக்க மாட்டியா சாரு?"

"இதுக்கு மறுபடி இல்லம்மா," என்றார். அந்த வாயிலிருந்து 'மறுபடி இல்ல' என்று நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

அக்கா உள்ளே போய் ஒரு சொம்பு நீர்மோர் கொண்டுவந்தாள். எந்த ஆள் வீட்டிலும் கை நனைக்காதவர். அன்று வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "திங்கக்கெழம வர்றீங்களா?" என்றார்.

"எங்க?"

"கேட்டாண்டதான். அம்பத்தூர்ப் பக்கம் ஓடு சூளை கீது, மில்லு கீது. போய்க் கேக்கலாம்."

எங்கள் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமை யார்டு கேட் பூட்டியிருந்தது. முன்பெல்லாம் அவர் உள்ளே நிற்பார், நாங்கள் வெளியே நிற்போம். அன்று அவரும் வெளியே நின்றார், கோட்டோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. அவருக்கும் வேலை போயிருந்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களோடு அம்பத்தூர் வரைக்கும் நடந்தார்.

முதலில் ஓடு சூளை. முதலாளி சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஆளு வேணாம், போங்க போங்க" என்று கையை வீசினார். மறுபடி சார் கழுத்துப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறக்கப் போனார்.

அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"சரி நைனா," என்றாள். "மறுபடி வர்றோம்."